எங்கே, எவ்வளவு, எதுவரை: பி.காம் பார்வையில் பாயின்டர்

"பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குப்பா பாயின்டர்?"

எங்க வகுப்புல ஒவ்வொரு செமஸ்டரும் யாராவது ஒருத்தர் கேட்கிற கேள்வி இது. நாங்க படிக்கிறது பி.காம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். கம்பெனிச் சட்டம், காஸ்ட் அக்கவுன்ட்டிங், வருமான வரி இதுக்கெல்லாம் நடுவுல சி மொழின்னு ஒரு பேப்பர். இஃப், ஃபார் லூப் எல்லாம் எப்படியோ தாண்டிடுவோம். அரே வரும்போது கொஞ்சம் தள்ளாடுவோம். பாயின்டர்னு போர்டுல எழுதினதும் பாதி வகுப்பு புத்தகத்தை மூடி வச்சிடும். "அதெல்லாம் மேத்ஸ் குரூப் பசங்களுக்கு. நாம அந்த அஞ்சு ப்ரோக்ராமை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடலாம்."

மனப்பாடம் பண்றதுல என்ன சிக்கல்னா, பரிட்சையில அரைப்புள்ளி ஒண்ணு விட்டுப்போனா எங்க போச்சுன்னு தெரியாது. ஒரு பேப்பர் நின்னா அரியர். அரியர் இருந்தா இன்டர்வியூவுக்கு உள்ளேயே விடாத கம்பெனிகள் இருக்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு இந்தப் பக்கத்திலிருந்து வர்ற பலருக்கு வீட்டுல முதல் டிகிரி அதுதான். பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியம். "எனக்கு இது வராது"ன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிறதைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமா இருக்கும். ஏன்னா பாயின்டரைப் புரிஞ்சுக்க காமர்ஸ் படிச்சவனை விடத் தகுதியான ஆள் கிடையாதுங்கிறது என் கட்சி. நம்புங்க, சும்மா உசுப்பேத்தலை :-)

ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. குறிப்பேடு போடறப்ப என்னென்ன கட்டம்? நாள், விவரம், பே.ப.எண், பற்று, வரவு. அந்த மூணாவது கட்டத்தை யாரும் மதிக்கவே மாட்டோம். பரிட்சையில காலியாவே விட்டுடுவோம். பே.ப.எண்ணுன்னா பேரேட்டுப் பக்க எண். குறிப்பேட்டுல எழுதின இந்தத் தொகை, பேரேட்டுல எந்தப் பக்கத்துல போய் உட்கார்ந்திருக்குன்னு சொல்ற எண். அந்தக் கட்டத்துல 34ன்னு எழுதியிருந்தா 34 ரூபாய்னு அர்த்தமில்லை. "34-ம் பக்கத்தைத் திறந்து பாரு"ன்னு அர்த்தம்.

இதுதான் பாயின்டர். முடிஞ்சது. ஒரு எண். ஆனா அந்த எண் சரக்கு இல்லை, சரக்கு இருக்கிற இடம்.

கம்ப்யூட்டரோட மெமரியை ஒரு பெரிய பேரேடுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசையா ஒரு எண் இருக்கு. அதுதான் முகவரி. சி மொழியில ஒரு மாறிக்கு முன்னால & போட்டா "இது எந்தப் பக்கத்துல இருக்கு?"ன்னு கேட்கறோம். ஒரு பாயின்டருக்கு முன்னால * போட்டா "அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்க இருக்கிறதைப் படி"ன்னு சொல்றோம். பேரேட்டுலயும் பதிலுக்கு கு.ப.எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கு, அது குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டும். ரெண்டு புத்தகமும் ஒண்ணை ஒண்ணு சுட்டிக்கிட்டு நிக்குது. டேட்டா ஸ்ட்ரக்சர்ல டபுளி லிங்க்டு லிஸ்ட்டுன்னு மிரட்டுவாங்களே, அதோட அண்ணன் தம்பி இது.

பாயின்டர் விஷயத்துல மொத்தமே மூணு கேள்விதான். எங்கே? எவ்வளவு? எதுவரை? முதல் கேள்விக்கு முகவரி பதில் சொல்லிடுச்சு. குழப்பம் எல்லாம் ரெண்டாவதுலயும் மூணாவதுலயும்தான்.

எவ்வளவுங்கிற கேள்வி அரேயில வருது. ஒரு கடையோட அஞ்சு நாள் விற்பனையை எடுத்துக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் 1200, 950, 1430, 800, 2100. இதை விற்பனை[5]னு ஒரு அரேயில போடறோம். (2020-ல வந்த ஜி.சி.சி 10 முதல் மாறிக்குத் தமிழ்லயே நேரடியாப் பேர் வைக்கலாம். நானும் இங்க அப்படியே எழுதறேன்.) அஞ்சும் மெமரியில ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா, இடைவெளி இல்லாம உட்காரும். முதல் எண் 2000-ங்கிற முகவரியில ஆரம்பிக்குதுன்னா, ஒரு இன்ட்டுக்கு 4 பைட்டுங்கிறதால அடுத்தது 2004, அப்புறம் 2008, 2012, 2016.

இப்ப வியாழக்கிழமை விற்பனை வேணும். நாலாவது நாள். ஆனா சி மொழியில விற்பனை[3]னு எழுதணும். ஏன் 3? எல்லாரும் முட்டிக்கிற முதல் சுவர் இது. "கம்ப்யூட்டர் பூஜ்ஜியத்துல இருந்துதான் எண்ணும்"னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒண்ணும் வேண்டுதல் இல்லை. அந்த 3 எண்ணிக்கையே கிடையாது, தூரம். வாசல்ல இருந்து எத்தனை இன்ட் தாண்டணும்? திங்கள், செவ்வாய், புதன் மூணைத் தாண்டினா வியாழன் வரும். திங்கட்கிழமைக்குத் தாண்ட வேண்டியது எதுவுமில்லை, அதனால 0.

நாம தினமும் இப்படித்தான் எண்றோம். அடுக்குமாடிக் கட்டடத்துல "முதல் மாடி"ன்னா தரையில இருந்து ஒரு தளம் மேல. கீழ இருக்கிறது தரைத்தளம், லிஃப்ட்ல அதுக்கு 0 பட்டன். பிறந்த குழந்தை தன்னோட முதல் வருஷத்துல இருக்கு, ஆனா வயசு இன்னும் ஒண்ணு ஆகலை. மைல்கல் சொல்றதும் ஆரம்பிச்ச இடத்துல இருந்து இருக்கிற தூரத்தைத்தான். தூரம் எப்பவும் பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கும், எண்ணிக்கை ஒண்ணுல ஆரம்பிக்கும்.

அதனால சி மொழியில விற்பனை[3]னு எழுதறதும் *(விற்பனை + 3)னு எழுதறதும் ஒண்ணேதான். ரெண்டும் ஒரே மாதிரி விடை தரும்னு மட்டும் இல்லை. முதல் வடிவத்துக்கு அர்த்தமே ரெண்டாவது வடிவம்தான்னு மொழியோட இலக்கணத்துலயே இருக்கு. விற்பனைங்கிற பேர் அந்த இடத்துல முதல் எண்ணோட முகவரியா மாறும், அதுல இருந்து மூணு அடி தாண்டு, திறந்து படி. கூட்டல்ல இடம் மாத்திப் போட்டாலும் விடை மாறாதில்லையா? அதனால 3[விற்பனை]ன்னு எழுதினாலும் கம்பைலர் முகம் சுளிக்காம ஏத்துக்கும். நண்பர்கள் கிட்ட பந்தயம் கட்டி டீ வாங்கிக் குடிக்க உதவும், வேற எதுக்கும் எழுதிடாதீங்க.

"2000 + 3 = 2003 தானே? 2012 எப்படி வந்துச்சு?" நல்ல கேள்வி. இங்கதான் "மூணு அடி"ங்கிறதுல அடியோட நீளம் முக்கியமாகுது.

எங்க ஊர்ப்பக்க உதாரணம் சொல்றேன். வில்லிவாக்கம் பக்கத்துல ஐ.சி.எஃப் இருக்கு. 1955-ல ஆரம்பிச்ச ரயில் பெட்டித் தொழிற்சாலை. பல வருஷம் அங்க செஞ்ச பழைய ரகப் பெட்டி ஒவ்வொண்ணும் சுமார் 22 மீட்டர். அந்த ரகத்தை 2018-ல நிறுத்திட்டு, எல்.எச்.பி ரகத்துக்கு முழுசா மாறிட்டாங்க. அது சுமார் 24 மீட்டர். இப்ப பிளாட்ஃபாரத்துல ஒரு வண்டி நிக்குது. முதல் பெட்டியோட முனையில நின்னுக்கிட்டு "10 பெட்டி தாண்டி வா"ன்னு சொன்னா, நீங்க எவ்வளவு தூரம் நடக்கணும்? பழைய வண்டியில 220 மீட்டர். புது வண்டியில 240 மீட்டர். பெட்டி எந்த ரகம்னு தெரியாம நடந்தா, கிட்டத்தட்ட ஒரு பெட்டி அளவு தப்பான இடத்துல நிப்பீங்க.

பாயின்டருக்கு ஒரு வகை, அதாவது டைப், இருக்கிறது இதுக்காகத்தான். பாயின்டர்ல இருக்கிறது வெறும் முகவரி எண்தானே, அதுக்கு எதுக்கு "இன்ட் பாயின்டர்", "கேர் பாயின்டர்"னு தனித்தனிப் பேர்? அடியோட நீளம் தெரியறதுக்கு. இன்ட் பாயின்டர்ல 1 கூட்டினா 4 பைட் நகரும். கேர் பாயின்டர்ல 1 கூட்டினா 1 பைட் நகரும். பெருக்கலைக் கம்பைலர் நமக்காகப் பண்ணிடுது. 2000 + 3 × 4 = 2012.

இதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. சி-க்கு முன்னால கென் தாம்சன் எழுதின பி மொழியில வகைகளே கிடையாது. எல்லாமே ஒரே அளவு 'வேர்ட்'. அதனால ஒண்ணு கூட்டினா அடுத்த வேர்ட், அவ்வளவுதான். அப்புறம் பெல் ஆய்வகத்துக்கு பி.டி.பி-11 மெஷின் வந்துச்சு. அதுல ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. எழுத்துக்கு ஒரு பைட், எண்ணுக்கு ரெண்டு பைட். இப்ப "அடுத்தது"ன்னா எவ்வளவு தூரம்? மெஷினுக்குத் தெரியாது. 1970-களோட ஆரம்பத்துல டென்னிஸ் ரிட்சி மொழிக்குள்ள வகைகளைக் கொண்டு வந்ததுக்கு இது ஒரு முக்கியமான காரணம். நாம ப்ரோக்ராமோட முதல் வரியில அலுப்போட எழுதற 'இன்ட்' ஒரு நிஜமான தலைவலிக்கு மருந்தா வந்தது.

பரிட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டர்போ சி காலத்துப் புத்தகங்கள்ல இன்ட்டுக்கு 2 பைட். அதனால முகவரிகள் ரெண்டு ரெண்டாக் கூடும். இன்னைக்கு லேப்ல ஜி.சி.சி வச்சிருந்தா நாலு நாலாக் கூடும். புத்தகமும் ஸ்க்ரீனும் வேற வேற எண் காட்டினா உங்க மேல சந்தேகப்படாதீங்க. பெட்டி ரகம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் எண்கள். இனிமே எழுத்துகளுக்கு வருவோம், ஏன்னா தமிழ்ல எழுதற நமக்கு இந்த 'எவ்வளவு' கேள்வி ரொம்பக் கிட்டத்துல இருக்கு.

சி மொழியில எழுத்து வரிசைன்னா கேர் அரே. ஒரு கேருக்கு ஒரு பைட். ஆங்கிலத்துக்கு இது கச்சிதம்: ஒரு எழுத்து, ஒரு பைட், ஒரு அடி. இப்ப அதே கேர் அரேயில "தமிழ்"னு போட்டுட்டு, நீளம் சொல்ற ஸ்ட்ரிங் ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்க. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. விடை 15ன்னு வரும்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லலை. யூனிகோடுல த ஒரு குறி, ம ஒரு குறி, இகரத்தோட அடையாளம் ஒரு குறி, ழ ஒரு குறி, புள்ளி ஒரு குறி. மொத்தம் அஞ்சு. யூ.டி.எஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட். 5 × 3 = 15. த-ங்கிற ஒரே எழுத்து மெமரியில 224, 174, 164ன்னு மூணு எண்ணா உட்கார்ந்திருக்கு. அதனால சொல்[0]ன்னு கேட்டா த வராது, 224 வரும். த-வோட மூணுல ஒரு பங்கு. அதைத் தனியா ஸ்க்ரீன்ல அச்சடிச்சா ஒரு கேள்விக்குறியோ கட்டமோ தெரியும். சொல்[1]ல மி இருக்கும்னு நினைச்சா அதுவும் இல்லை. மி ஆரம்பிக்கிறது சொல்[3]ல.

"இதெல்லாம் தியரி"ன்னு நினைக்காதீங்க. கடை பில்லுல வாடிக்கையாளர் பேருக்கு 20 பைட் ஒதுக்கி ஒருத்தர் ப்ரோக்ராம் எழுதறார்னு வைங்க. ஆங்கிலத்துல தமிழ்செல்விக்குப் பத்து எழுத்து, தாராளமா அடங்கிடும். தமிழ்ல "தமிழ்ச்செல்வி"ங்கிற பேருக்கு 13 குறி, 39 பைட். 20-ல ஒண்ணு முடிவுக் குறிக்குப் போனா மிச்சம் 19. ஆறு குறி முழுசா உள்ள போகும், ஏழாவதுல ஒரு பைட் மட்டும் போகும். பில்லுல "தமிழ்ச"ன்னு வந்து பக்கத்துல ஒரு கேள்விக்குறி நிக்கும். ப்ரோக்ராமருக்கு அது ஒரு சின்ன பக். காசு கொடுத்துட்டு நிக்கிற அந்த அக்காவுக்கு அது அவங்க பேர்.

தமிழ்க் குறிகளோட வரிசையும் ஒரு இன்டெக்ஸ் கதைதான். யூனிகோடு தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருக்கு. அந்த அமைப்பு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாப் போட்ட இஸ்கி திட்டத்துல இருந்து வந்தது. க 2965-வது இடத்துல இருக்கு. அடுத்த ங 2966-ல இல்லை, 2969-ல இருக்கு. நடுவுல மூணு காலி மனை. மத்த மொழிகள்ல அந்த இடத்துல க-வோட வேற ஒலிகள் இருக்கு, நமக்கு இல்லை. நம்ம நெடுங்கணக்குல கடைசியா வர்ற ன, அங்க 2985-ல, ப-வுக்கு (2986) முன்னாலயே உட்கார்ந்திருக்கு. வெறும் எண்ணை வச்சுப் பேர்களை வரிசைப்படுத்தினா கபிலனுக்கு முன்னால கனகா வந்துடுவாங்க. தமிழ் அகராதி முறைப்படி கபிலன்தான் முதல்ல வரணும். சரியா வரிசைப்படுத்தணும்னா அதுக்குன்னு தனி விதி எழுதணும்.

இதுக்கு மாற்றா யோசிச்சதுதான் டேஸ்-16ங்கிற குறிமுறை. 2010 ஜூன்ல, கோவையில உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்துல, தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் அரசுத் தரமா அறிவிச்சது. இந்த ரெண்டாவதோட அமைப்பைப் பார்த்தப்ப நிஜமாவே அசந்துட்டேன். நாம ஒண்ணாங்கிளாஸ்ல சுவர்ல பார்த்த உயிர்மெய் அட்டவணை, அப்படியே ஒரு ரெண்டு பரிமாண அரே! ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வரிசை, வரிசைக்கு 16 இடம். 0-வது இடத்துல மெய், 1-ல அகரம் ஏறின எழுத்து, 2-ல ஆகாரம், 3-ல இகரம்னு 12 வரைக்கும். முதல் வரிசை உயிர்களுக்கு. மி வேணுமா? ம் பத்தாவது மெய், இ மூணாவது உயிர். 10 × 16 + 3 = 163. ஆரம்ப இடத்துல இருந்து 163 தாண்டினா மி. உயிரும் மெய்யும் கூடினா உயிர்மெய்னு படிச்சோமே, அங்க அது நிஜமாவே கூட்டல் கணக்கு.

அது அழகா இருந்தாலும் உலகம் யூனிகோடு பக்கம் போயாச்சு, இணையத்துல நிலைச்சது அதுதான். இப்ப நீங்க படிச்சுக்கிட்டு இருக்கிறதும் அதுலதான். அதனால தமிழைக் கையாள ப்ரோக்ராம் எழுதறவங்க "ஒரு அடின்னா எவ்வளவு? பைட்டா, குறியா, எழுத்தா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டே ஆகணும். ஆங்கிலம் மட்டும் தெரிஞ்ச ப்ரோக்ராமருக்கு மூணும் ஒண்ணாவே தெரியும். நமக்குத் தெரியற வித்தியாசம் அவருக்குக் கண்ணுலயே படாது. தமிழ் மீடியம்னு கூச்சப்படற நண்பர்கள் இந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

சரி, மூணாவது கேள்வி. எதுவரை?

விற்பனை[5]ங்கிற அரேயில செல்லுபடியாகிற இன்டெக்ஸ் 0 முதல் 4 வரைக்கும். விற்பனை[5]ன்னு படிச்சா என்ன ஆகும்? பாதிப் பேர் "எர்ரர் வரும்"னு எழுதுவாங்க. வராது, அதுதான் பிரச்சினை. 2000 + 5 × 4 = 2020. அந்த முகவரியில ஏதோ ஒண்ணு இருக்கும். வேற யாரோ ஒரு மாறியோட மதிப்பா இருக்கலாம், பழைய குப்பையா இருக்கலாம். சி அதை எடுத்து "இந்தாங்க ஆறாவது நாள் விற்பனை"ன்னு கொடுத்துடும். ரயில் உதாரணத்துல சொன்னா, வண்டி 12 பெட்டியோட முடிஞ்சாலும் பிளாட்ஃபாரம் முடியறதில்லை. 13-வது பெட்டியைத் தேடி நடக்கிறவனை யாரும் தடுக்க மாட்டாங்க. படிக்கிறதோட விட்டாப் பரவாயில்லை. அங்க போய் எதையாவது எழுதிட்டோம்னா பக்கத்து மாறியோட கணக்கு கெட்டுடும். ப்ரோக்ராம் அப்பவே நிக்கலாம், பத்து நிமிஷம் கழிச்சு சம்பந்தமே இல்லாத இடத்துல நிக்கலாம், நிக்காம தப்பான விடையோட சிரிச்சுக்கிட்டும் இருக்கலாம்.

ஒரு அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது நிலைமை இன்னும் மோசம். போறது முதல் எண்ணோட முகவரி மட்டும்தான். அரேயோட மொத்த அளவு வெளியில 20 பைட்னு காட்டும். ஃபங்ஷனுக்குள்ள கேட்டா 8ன்னு காட்டும். இன்னைக்கு 64 பிட் மெஷின்ல ஒரு பாயின்டரோட அளவு அது. "34-ம் பக்கத்துல இருந்து பாருங்க"ன்னு ஆடிட்டருக்குச் சீட்டு அனுப்பிட்டு, எந்தப் பக்கம் வரைக்கும்னு சொல்லாம விட்ட மாதிரி. அதனாலதான் அரேயோட சேர்த்து அதோட நீளத்தையும் தனியா அனுப்பறோம். எழுத்து வரிசைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு உண்டு, கடைசியில ஒரு பூஜ்ஜிய பைட். கணக்கை முடிச்சதும் மொத்தத்துக்குக் கீழ இரட்டைக் கோடு போடுவோமே, அதேதான். அந்தக் கோடு விட்டுப்போனா அடுத்த கணக்கையும் சேர்த்துப் படிச்சுக்கிட்டே போகும்.

இது வெறும் பரிட்சைப் பிரச்சினை இல்லைன்னு உலகத்துக்கே தெரிஞ்ச நாள் 2024 ஜூலை 19. க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி. அன்னைக்கு நம்ம நேரம் காலை 9.39-க்கு ஒரு அப்டேட் அனுப்பினாங்க. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒண்ணொண்ணா நீலத் திரையைக் காட்டிட்டு விழுந்துச்சு. 78 நிமிஷத்துல அப்டேட்டை வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்குள்ள சுமார் 85 லட்சம் மெஷின்கள் பாதிக்கப்பட்டதா மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. பல நாடுகள்ல விமானம், வங்கி, மருத்துவமனைன்னு வேலை நின்னுச்சு. நம்ம நாட்டுல இண்டிகோ பயணிகளுக்குக் கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்த படம் பரவினது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

காரணத்தை அந்தக் கம்பெனியே பிறகு அறிக்கையா வெளியிட்டது. படிச்சா நம்ம லேப் பரிட்சைக் கேள்வி மாதிரியே இருக்கும். ஒரு இடத்துல 21 உள்ளீடுகள் வரும்னு வரையறுத்திருந்தாங்க. அதைக் கொடுக்கிற ப்ரோக்ராம் 20-தான் கொடுத்தது. அதுவரைக்கும் வந்த விதிகள் 21-வதை உண்மையிலேயே எட்டிப் பார்க்காததால எதுவும் தெரியலை. அன்னைக்கு வந்த புது விதி எட்டிப் பார்த்தது. 20 பேர் உட்கார்ந்திருக்கிற வரிசையில 21-வது ஆளைத் தேடிப் போய், எல்லை தாண்டி மெமரியைப் படிச்சு, மெஷின் விழுந்துச்சு. அதுவும் விண்டோஸோட ஆழத்துல ஓடற ப்ரோக்ராம்ங்கிறதால, அது விழுந்தா மொத்தக் கம்ப்யூட்டரும் விழும். ஒரே ஒரு அடி கூடப் போனதோட விலை அது.

இதே குடும்பத்துல இன்னொரு ஆபத்து உண்டு, அதை மளிகைக்கடை நோட்டை வச்சு சொல்லலாம். எங்க தெரு அண்ணாச்சி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவார். ஒரு குடும்பம் வீடு மாத்திப் போயிட்டா அந்தப் பக்கத்தை அழிச்சுட்டு வேற வீட்டுக்குக் கொடுத்துடுவார். ஆனா முன் அட்டைக்குள்ள "மாடி வீடு, பக்கம் 12"ங்கிற பழைய வரியை அடிக்க மறந்துட்டார்னு வைங்க. நாளைக்கு மாடி வீட்டுக்காரர் திரும்பி வந்து கேட்டா, யாரோ ஒருத்தரோட பாக்கி அவர் தலையில விழும். மெமரியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய முகவரியைக் கையில வச்சுக்கிட்டுப் படிக்கிறதும் இதுதான். டேங்ளிங் பாயின்டர்னு பேர். எதுவரைங்கிற கேள்விக்கு இடம் மட்டும் பதில் இல்லை, எந்தக் காலம் வரைக்கும்னும் சேர்த்துக் கேட்கணும்.

மைக்ரோசாஃப்ட் 2019-ல ஒரு கணக்கு சொன்னது: அவங்க சரிசெய்யற பாதுகாப்பு ஓட்டைகள்ல சுமார் 70 சதவீதம் இந்த மாதிரி மெமரித் தப்புகள். ஜாவா, பைத்தான் மாதிரி மொழிகள் ஒவ்வொரு தடவையும் இன்டெக்ஸ் எல்லைக்குள்ள இருக்கான்னு பார்த்துட்டுத்தான் உள்ள விடும். தாண்டினா அங்கேயே நிறுத்தி வரி எண்ணோட சொல்லும். காமர்ஸ் பாஷையில சொன்னா, அந்த மொழிகள்ல ஆடிட்டர் கூடவே உட்கார்ந்திருக்கார். சி-யில ஆடிட்டர் கிடையாது. கணக்குப்பிள்ளை என்ன எழுதினாலும் அது செல்லும். அதனாலதான் வேகம், அதனாலதான் ஆபத்து. எழுதறவனே ஆடிட்டராவும் இருக்கணும்.

இப்ப சொல்லுங்க, இது யாருக்கான பாடம்? பக்க எண்ணைப் பதிவு பண்றது, தொகை எந்த அலகுலன்னு பார்க்கிறது, கணக்கு எங்க முடியுதுன்னு கோடு போடறது. எங்கே, எவ்வளவு, எதுவரை. மூணு வருஷமா நம்மளைத் தினமும் பழக்கற விஷயம்தானே?

பரிட்சைக்கு ஒரே யோசனை. பாயின்டர் கேள்வி வந்தா ப்ரோக்ராமை எழுதறதுக்கு முன்னால பேப்பர் ஓரத்துல கட்டம் போடுங்க. கட்டத்துக்குள்ள மதிப்பு, கீழ முகவரி. 2000-ல ஆரம்பிங்க, இன்ட்டுக்கு நாலு நாலாக் கூட்டிக்கிட்டே போங்க. பாயின்டருக்குத் தனியா ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள 2000ன்னு எழுதுங்க. அம்புக்குறி வேண்டாம், எண்ணாவே எழுதுங்க. அப்புறம் ஒவ்வொரு வரியா ஓட்டிப் பாருங்க. ஆவடியிலிருந்து வர்ற தோழி ஒருத்தி ரெண்டு வாரம் இதை மட்டும்தான் பண்ணினா, ரயில்ல, பழைய பில் தாள்களோட பின்பக்கத்துல. போன வாரம் லேப்ல அவளோட ப்ரோக்ராம் தப்பான விடை கொடுத்துச்சு. யாரையும் கூப்பிடலை. கட்டம் போட்டா, எண்ணினா, லூப்ல குறைவுங்கிற குறிக்குப் பக்கத்துல இருந்த சமக்குறியை அழிச்சா. ஓடிடுச்சு.

"மேத்ஸ் குரூப்பா நீ?"ன்னு பக்கத்து சிஸ்டம் பையன் கேட்டான்.

"இல்ல, அக்கவுன்ட்ஸ்"னா.